துண்டுக்கு அடியில்

பொன்னேரியை இன்னும் தாண்டவில்லை, அதற்குள் கார் கத்த ஆரம்பித்துவிட்டது. டிங், டிங், டிங் என்று, கோயில் மணியில் கை வைத்த பிள்ளை மாதிரி நிறுத்தவே இல்லை.

"மாமா, பெல்ட் போடுங்க. அதுக்குத்தான் கத்துது" என்றான் ஓட்டிக்கொண்டிருந்த மருமகன் ஹரிஹரன்.

"இன்னா மாப்ள, கார் சொன்னா நான் கேக்கணுமா?"

வடிவேலு யாரையும் நம்பமாட்டார். மீன் எடை போடுகிற தராசையே நம்பாத மனுஷன், காரையா நம்புவார்? பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் இழுத்து மாட்டினார். அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். சத்தம் நின்றது.

"பாத்தியா, ஏமாந்துடுச்சி" என்றார் பின்சீட்டில் பக்கத்தில் இருந்த பேத்தியிடம்.

பேத்தி பானுவுக்கு ஆறு வயது. உயரம் பத்தாது என்று ஒரு குழந்தை சீட்டைப் போட்டு, அதில் அவளை உட்காரவைத்து, குறுக்கே பெல்ட்டும் மாட்டியிருந்தாள் மகள் சுதா. அதைப் பார்க்கப் பார்க்க வடிவேலுவுக்குப் பொறுக்கவில்லை.

காரணம் இருக்கிறது. அவருடைய தம்பி பூபதி நன்றாக நீந்துவான். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தபோது மற்றவர்கள் எல்லாம் மேலே வந்தார்கள். பூபதி காலில் வலை சுற்றிக்கொண்டது. அவன் வரவில்லை. எதிலும் மாட்டாதவன்தான் பிழைப்பான் என்று அன்றைக்கு முடிவு பண்ணினவர் வடிவேலு.

"சுதா, கொயந்தையக் கட்டிப்போட்டிருக்கியே, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா எப்டி வெளிய வரும்?"

முன்சீட்டில் இருந்து சுதா திரும்பவே இல்லை. "நைனா, இது படகு இல்ல. வெளிய போய் விழாம இருக்கத்தான் பெல்ட்டு. சும்மா வா."

சும்மா வருகிற ஆளா? பானு பக்கம் கையை நுழைத்து சிவப்புப் பொத்தானை அமுக்கினார். பெல்ட் கழன்றது. கார் உடனே கோள் சொன்னது.

"யாரு கழட்டினது?" ஹரிஹரன் கண்ணாடியில் பார்த்தான்.

வடிவேலு தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பேத்தியின் கழுத்து வரைக்கும் போர்த்தினார். "வெயில் அடிக்குது மாப்ள." முன்சீட்டின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சத்தம் நின்றது.

'தட்டினா அடங்குது. நம்ம போட் இன்ஜின் மாதிரிதான்' என்று நினைத்துக்கொண்டார்.

"பானு, பெல்ட்டு போட்டிருக்கியா?" என்றாள் சுதா.

"போட்டிருக்கேம்மா."

வடிவேலுவுக்கு மனசு பூரித்துப்போனது. கண் சிமிட்டாமல் பொய் சொல்கிறதே, நம்ம ரத்தம்! மடியில் முடிந்து வைத்திருந்த கடலை மிட்டாயை எடுத்து அவள் வாயில் திணித்தார்.

அதோடு விட்டாரா? கதவு திறக்குமா என்று இழுத்துப் பார்த்தார். திறக்கவில்லை.

"கதவையும் பூட்டிட்டீங்களா?"

"பிள்ளைங்க தொறந்துடக் கூடாதுன்னு, மாமா."

"அப்போ கண்ணாடியாச்சும் எறக்கு!"

கண்ணாடி இறங்கியதும் காற்று துண்டைத் தூக்கியது. வடிவேலு பதறினார். பானு அதற்குள் இரண்டு முனையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நல்ல கூட்டாளி என்று நிம்மதியாகச் சாய்ந்தார்.

பழவேற்காடு நெருங்கும்போது ஒரு சந்திலிருந்து மீன் பெட்டி கட்டிய மொபெட் குறுக்கே பாய்ந்தது. ஹரிஹரன் பிரேக்கை மிதித்தான்.

வடிவேலு பறந்தார். முன்சீட்டில் முகம் மோதி, கால் வைக்கிற இடுக்கில் மூட்டை மாதிரி விழுந்தார். மூக்கில் ரத்தம். அது அவருக்குத் தெரியவில்லை. குழந்தை. கழட்டிவிட்டது இந்தக் கைதான். நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை. பூபதியைத் தேடி முங்கின அன்றைக்குக்கூட இப்படிப் பயந்ததில்லை.

"பானு! பானும்மா!"

"இன்னா தாத்தா?"

நிமிர்ந்தார். துண்டு கீழே நழுவிக் கிடந்தது. பானு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து மிட்டாய் மென்றுகொண்டிருந்தாள். மார்பின் குறுக்கே பெல்ட் விறைப்பாக நின்றது.

"நான் கழட்டினேனேடி..."

"நீ ஜன்னல் பக்கம் திரும்பினதும் நான் மாட்டிக்கினேன் தாத்தா. உன்னுதையும் மாட்டிவுடலாம்னு பாத்தேன், நீ அது மேலயே உக்காந்துக்கினு இருந்த."