வீரப்பன் குடிக்காத காப்பி

“தேங்க் யூ ஆன்ட்டி, கோப்பி ரொம்ப நல்லா இருக்கு” என்று சொன்ன பிறகுதான், கூடாரத்துக்கு அடியில் பேச்சு மொத்தமும் நின்றுபோனது நிவேந்திரனுக்கு உறைத்தது.

காப்பி கொண்டுவந்த பக்கத்து வீட்டு ஜெயமேரி, தட்டும் கையுமாகச் சிலையானாள். உள்ளே கூடத்தில் வீரப்பன் பெட்டிக்குள் படுத்திருந்தார். சாவு வீட்டில் எதற்கும் நன்றி சொல்லக் கூடாது. கிளம்பும்போது போய் வருகிறேன் என்றும் சொல்லக் கூடாது. அந்தப் பெம்பான் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். நிவேந்திரனுக்கும் தெரியும். ஆனால் மலாக்கா டவுனில் ஓர் ஓட்டலின் வரவேற்பு மேசையில் நாள் முழுதும் நின்று, வருவோர் போவோருக்கெல்லாம் நன்றி சொல்லிச் சொல்லி, அவனுடைய நாக்கு அவனைக் கேட்காமலே வேலை செய்யப் பழகியிருந்தது.

“யாருப்பா இந்தப் பையன்?” என்றார் வீரப்பனின் அண்ணன் நல்லமுத்து.

சங்கடமே அதுதான். அவன், வீரப்பனின் மகள் மலர்விழி கட்டிக்கொள்ள நினைத்திருந்த பையன். “அவன் நெழலு என் வாசல்ல விழக்கூடாது” என்று வீரப்பன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இனி மலர்விழியின் கல்யாணத்தைப் பேசி முடிக்க வேண்டியவர் நல்லமுத்து. “பெரியப்பா கண்ணுல நல்லவிதமா படணும். வா, ஒக்காரு, வாயத் தொறக்காத” என்று போனில் படித்துப் படித்துச் சொல்லித்தான் அவள் அவனை வரவழைத்திருந்தாள்.

“மலரோட பிரெண்டு, அங்கிள். சாரி அங்கிள், பழக்கதோசம். அடுத்த தடவ கவனமா இருக்கேன்.”

“அடுத்த தடவையா?” நல்லமுத்துவின் மீசை துடித்தது. “வயசுப்படி பாத்தா அடுத்தது நான்தான் தம்பி.”

“ஐயோ, ஒங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல அங்கிள்!”

பின் வரிசையில் யாரோ சிரிப்பைக் கைக்குட்டைக்குள் அழுகையாக மாற்றினார்கள்.

மலர்விழி வந்து அவனை ஓரமாக இழுத்துப்போனாள். அழுது வீங்கிய கண்ணிலும் கோபத்துக்கு இடமிருந்தது. “வாய வாடகைக்கு விட்டிருக்கியா நீ? அப்பாவுக்குப் பூவப் போட்டுட்டுப் பேசாம கெளம்பு.”

அவன் காப்பிக் குவளையோடு உள்ளே போனான். பெட்டியின் தலைமாட்டில் ஒரு சின்ன மேசை இருந்தது. குவளையை அதில் வைத்துவிட்டுப் பூவை எடுத்தான். அந்த நேரம் பார்த்து, கும்பிட்டுவிட்டுக் கிளம்பிய பெரியவர் ஒருவர் அவன் கையைப் பிடித்து அழுத்தினார். யாராவது கிளம்பினால் அவன் நாக்குக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

“நன்றிங்க, மறுபடியும் வாங்க.”

பெரியவர் அவனைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். செருப்பைக்கூட மாட்டாமல் போய்விட்டார்.

“இவன யாரு உள்ள விட்டது?” நல்லமுத்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து உள்ளே வந்தார்.

ஜெயமேரி ஓடிவந்தாள். “தம்பி, ஒன் கோப்பிய எடுத்துக் குடி. வாயில கோப்பி இருந்தா பேச்சு வராது லா!”

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவன் கையை நீட்டி, அகப்பட்ட குவளையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தான். ஆறிப்போய்ச் சில்லிட்டிருந்தது. கசப்பு காதுவரை ஏறியது. கண்ணைத் திறந்தபோது, அவன் பாதி குடித்திருந்த பால் காப்பி மேசைமேலேயே இருந்தது.

“அது அப்பாவோட கோப்பி” என்று சொல்லி, மலர்விழி தலையில் கை வைத்துச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

அவன் காதோரம் ஜெயமேரி மெல்லிய குரலில் விவரத்தைச் சொன்னாள். வீரப்பனுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. அதனால் சீனி கிடையாது. சூடு கொஞ்சம் குறைந்தாலும் குவளை சுவரில் மோதும் என்பதால், அவர் மனைவி பாக்கியலட்சுமி அடுப்படியிலிருந்து கட்டில்வரை ஓட்டமாகத்தான் போவாள். இன்று காலையிலும் ஓடினாள். அவர் கை நீட்டவில்லை. எழுப்பினால் திட்டு, ஆறவிட்டாலும் திட்டு. எதில் திட்டு குறைவு என்று தெரியாமல் நெடுநேரம் குவளையோடு அங்கேயே நின்றிருந்தாள். அப்புறம்தான் விசயம் தெரிந்தது. தம்பி ஆசையாகக் குடிக்கிற காப்பி என்று நல்லமுத்துதான் அதைத் தலைமாட்டில் வைக்கச் சொன்னாராம்.

“நீ யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியாடா?” நல்லமுத்து அவன் சட்டைக் காலரைப் பிடித்தார். “என் தம்பியோட கடைசி கோப்பியக் குடிச்சவனுக்கு இந்த வீட்டுல பொண்ணு கெடையாது. வெளிய போ!”

நிவேந்திரன் பாக்கியலட்சுமியைப் பார்த்தான். காலையிலிருந்து அவள் பெட்டியின் அருகில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, பேசவில்லை. அதிர்ச்சி என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று அவன் வாயைத் திறந்தான். மன்னிப்பு தொண்டைவரை வந்தது. அதற்குமேல் நாக்கு பொறுப்பேற்றுக்கொண்டது.

“அம்மா... கோப்பிக்கு ரொம்ப நன்றி.”

மலர்விழி முகத்தை மூடிக்கொண்டாள்.

பாக்கியலட்சுமி தலையை நிமிர்த்தினாள். அவன் கையிலிருந்த வெறுங்குவளையைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு, தெரியாத ஊரின் பேரை உச்சரித்துப் பார்ப்பதுபோல் அவள் உதடு ஒருமுறை சத்தமில்லாமல் அசைந்தது.

“அவரு சட்டைய விடுங்க” என்றாள் நல்லமுத்துவிடம்.

அவர் கை தானாக விலகியது. அவள் நகர்ந்து, பெட்டிக்குப் பக்கத்தில் இடம்விட்டாள்.

“குனிஞ்சு, அத இன்னொருக்காச் சத்தமாச் சொல்லுங்க, மாப்ள. அவரு அந்த வார்த்தயக் கேள்விப்பட்டதே இல்ல.”