ஸ்பிரிங் மேல் தப்பே இல்லையாம்

ஹியூவன்வில்,
செவ்வாய்க்கிழமை

என் மனைவியின் ஒரே தம்பியும், என் கல்யாண விருந்தில் யாரும் கேட்காமலே எழுந்து பேசியவனுமான ட்ரெவருக்கு டெஸ்மண்ட் எழுதுவது. நான் நலம். உன் அக்கா க்ளெனிஸ் நலமா என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். அடுத்தவன் வீட்டைக் கலைத்தவர்களுக்கு ஜலதோஷம்கூட வருவதில்லை.

நான் கேட்டேனா? என் மோட்டார் சைக்கிள் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் அன்று கையில் பியரோடு அதன் பின்பக்கத்தை அமுக்கிப் பார்த்து, "மச்சான், இது ஷாக் அப்சார்பரா, பழைய சோபாவா? அக்கா இடுப்பு என்னத்துக்கு ஆகும்?" என்றவன் நீ. அவள் இடுப்புக்காகத்தான் முன்னும் பின்னும் புது ஸ்பிரிங் போடச் சம்மதித்தேன். இருவர் எடையும் தெரிந்தால்தான் ஸ்பிரிங் வாங்க முடியும் என்றாய். என் எடையைத் தயங்காமல் சொன்னேன். நான் ஆசிரியர் வேலையில் சேர்ந்த அன்று அரசாங்க டாக்டர் கைப்பட எழுதியது அது. க்ளெனிஸிடம் போய்க் கேட்க நான் என்ன முட்டாளா? கண்ணுக்குத் தோன்றியதில் கொஞ்சம் குறைத்து, கனவானாகச் சொன்னேன். பிறகு டேப்போடு வந்து, "ரெண்டு பேரும் ஏறி உக்காருங்க, வண்டி எவ்வளவு இறங்குதுன்னு அளக்கணும்" என்றாய். எடையைச் சொன்ன பிறகு அளப்பது எதற்கு என்று மறுத்தேன். இன்றும் அதையேதான் சொல்வேன்.

ஞாயிறன்று நம் மோட்டார் சைக்கிள் கிளப் பயணத்தில் நடந்ததை நீயே பார்த்தாய். பள்ளம் வந்தபோதெல்லாம் வண்டி டொம்மென்று அடியில் இடித்தது, ஹெட்லைட் மரத்து உச்சியைப் பார்த்தது, வளைவில் ஸ்டாண்டு தரையில் உரசித் தீப்பொறி பறந்தது, பின்னாலிருந்து செயலாளர் ப்ரான்வின், "டெஸ், ரோட்டைச் செதுக்கிக்கிட்டே போறீங்களா?" என்று கத்தினாள். எல்லாம் பொறுத்தேன். ஜீவ்ஸ்டன் பேக்கரி வாசலில் எல்லோரும் மாவுக்குள் சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட ஸ்காலப் பை தின்றுகொண்டிருக்க, "என்ன ஸ்பிரிங்டா போட்டே?" என்று உன்னிடம் மெதுவாகத்தானே கேட்டேன்? வாய் நிறைய பையோடு நீ முழங்கினாய்: "ஸ்பிரிங் மேல தப்பே இல்ல மச்சான். நீங்க சொன்ன எடைதான் பொய்!"

கிளப் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. என்னையல்ல, க்ளெனிஸை. ஸ்பிரிங் தயாரித்தவன் ஏமாற்றிவிட்டான் என்று ஒரு பொய் சொன்னால் உன் நாக்கு அழுகிவிடுமா? அவள் பாதிப் பையைச் சுவர்மேல் வைத்துவிட்டு, ப்ரான்வினின் சைட்காரில் ஏறி வீடு வந்துவிட்டாள். அடுத்த மாதம் எங்கள் கல்யாண நாள். வருஷம் தவறாமல் அவளைப் பின்னால் உட்காரவைத்து, ரோடு முடிகிற காக்கில் க்ரீக் வரை போவேன். இந்த வருஷம் பின் சீட்டில் அவள் ஹெல்மெட்டைக் கட்டிக்கொண்டு போகட்டுமா? உடனே வந்து, தவறு ஸ்பிரிங்கினுடையது என்று அவளிடம் சொல். அதுவரை என் வீட்டு வாசலை மிதிக்காதே.

உன் நாய்க்கு என் அன்பு. உனக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை.

டெஸ்மண்ட்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் க்ளெனிஸ் படித்துவிட்டாள். எடை மெஷினைக் கூடத்தில் வைத்து ஏறினாள். நான் "குறைத்து"ச் சொன்னதைவிட அவள் குறைவு. அடுத்து, "ஏறுங்க கனவானே" என்றாள். முள் போன இடத்தைப் பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து அழுகிற வரை சிரித்தாள். "அந்த டாக்டர் செத்தே எத்தனை வருஷமாச்சு, டெஸ்!" சனிக்கிழமை கெட்டியான ஸ்பிரிங்கோடும் டேப்போடும் வா. இரண்டு பேரும் ஏறி உட்காருகிறோம். இந்தக் கடிதத்தைக் கிழிக்கவும் விடமாட்டேன் என்கிறாள். என் எடையை நான் எழுத வேண்டியதில்லை. அவள் ப்ரான்வினுக்கு ஃபோனில் சொல்லிவிட்டாள்.