மூடி திறக்காத போன்

காஞ்சிபுரத்தில் செத்த பேட்டரிகளுக்கெல்லாம் துக்கம் காத்த ஒரே மனிதர் பேட்டரி பாய். செவிலிமேடு போகும் சாலையில் ஒற்றை ஷட்டர் கடை. போனைக் கொடுத்தால் பின்மூடியைக் கழற்றுவார். பேட்டரியைக் கண்ணாடி மேஜைமேல் வைத்து விரலால் ஒரு சுண்டு. நல்ல பேட்டரி உடனே நின்றுவிடும். வயிறு வீங்கியது பம்பரமாகச் சுற்றும். அது நிற்கும்வரை கடையில் யாரும் மூச்சு விடக் கூடாது. "முடிஞ்சிச்சிப்பா" என்று சொல்லிவிட்டுப் புதியதைப் போடுவார்.

ஒட்டி மூடிய போன்களை மட்டும் தொடமாட்டார். ஒருமுறை அப்படிப்பட்ட போனோடு வந்த ஒரு நெசவுக்கார அண்ணனைப் பிடித்துக்கொண்டார்.

"தறியில இழை அறுந்தா இன்னா பண்ணுவ?"

"முடிச்சி போட்டு நெய்வேன் பாய்."

"பொடவைய கொளுத்த மாட்ட இல்ல? அப்ப பேட்டரி போனா போனையே தூக்கிப் போடுன்றவன்கிட்ட ஏன்பா வாங்கின?"

மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் "மாப்ள போனு மூடி தெறக்குமா?" என்றுதான் முதலில் கேட்டாராம். திறக்கவில்லை. கல்யாணம் ஆறு மாதம் தள்ளிப்போனது.

எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவள் நான். வேலை கிடைத்த பெருமையில் வாங்கியது ஒட்டி மூடிய போன்தான். பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, ரிங்டோனாக வைக்கச் சொல்லி அதில் தன் குரலைப் பதிந்து கொடுத்தாள்.

அம்மா இறந்த மறுவருடம் அந்தப் போனின் முதுகு புடைத்து, உயிர் நின்றது. அந்தக் குரல் வேறெங்கும் இல்லை. போன கடையிலெல்லாம் புதுசு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். கடைசியில் பாயிடம் போனேன்.

"தெறந்தா டிஸ்பிளே போயிடும்மா."

"போவட்டும் பாய். அம்மா குரலு உள்ள இருக்குது."

போனை வாங்கிக்கொண்டார். சூடு காட்டி, தகடு நுழைத்து, அரை நாள் போராடினார். திரை விரிசல் விட்டுக் கறுத்துப்போனது. எங்கிருந்தோ வரவழைத்த பேட்டரியைப் பொருத்தி, தன் போனிலிருந்து என் எண்ணை அழைத்தார்.

கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து அம்மா திட்டினாள்: "இன்னாடி பண்ற? போன எடுடி. துன்னியா இல்லியா?"

என் கை தானாகப் போனது.

"எடுக்காதமா," என்றார் பாய். "அடிச்சிக்கினே இருக்கட்டும்."

அதன்பிறகு வெள்ளிதோறும் தொழுகை முடிந்ததும் அவரிடமிருந்து ஓர் அழைப்பு வரும். அவர் பேசியதில்லை, நான் எடுத்ததில்லை. அம்மா முழுசாகத் திட்டி முடித்ததும் நின்றுவிடும்.

போன மாதம் பாய் இறந்துவிட்டார். ஷட்டர் இறங்கியே கிடக்கிறது. இன்னொரு போனிலிருந்து நானே அழைத்துக் கேட்கலாம். கேட்கவில்லை. வியாழன் இரவு மட்டும் மறக்காமல் சார்ஜ் போடுகிறேன். பாய் அழைக்கும்போது அது அணைந்து கிடக்கக் கூடாது.