வக்கீல் போட்ட சட்டம்

செஞ்சிக் கோட்டையை யார் யாரோ வந்து பிடித்தார்கள், ஆண்டார்கள், போனார்கள். எங்கள் தெரு வக்கீலை மட்டும் ஒருவராலும் அசைக்க முடிந்ததில்லை. கடையில் பிரேம் வாங்கிப் படம் மாட்டுகிறவனை மனிதக் கணக்கிலேயே சேர்க்காத ஆள் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். அப்போது நான் பார்த்திருந்த உலகம் திண்டிவனம் வரைதான். ஆனாலும் சொல்கிறேன், ஒருவர்தான்.

வக்கீல் என்றால் கோர்ட்டுக்குப் போகிற வக்கீல் இல்லை. தொழில், மாட்டு வண்டி பழுது பார்ப்பது. ஆசை, படங்களுக்குச் சட்டம் போடுவது. சட்டம் போடுகிறவர் வக்கீல்தானே என்று யாரோ சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது. ஒருமுறை பனமலைப் பக்கத்திலிருந்து வரப்புத் தகராறோடு ஒரு பெரியவர் வந்தார். சட்டம் தெரிந்த ஆள் யார் என்று பஜாரில் கேட்டிருக்கிறார். எவனோ குறும்புக்காரன் எங்கள் தெருவைக் காட்டிவிட்டான்.

"ஐயா, நம்ம பக்கம் சட்டம் இருக்குதுங்களா?"

வக்கீல் இழைப்புளியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நாலு பக்கமும் இருக்கும். ஒரு பக்கம் இல்லன்னாலும் கண்ணாடி நிக்காது."

"எதிராளி, சட்டத்துல ஓட்டை இருக்குதுன்றான்."

"கரையான் ஓட்டையா இருக்கும். மெழுகு வெச்சி அடைச்சிடலாம்."

பெரியவர் முகம் தெளிந்துவிட்டது. கிட்டே வந்து குரலை இறக்கினார். "கொஞ்சம் வளைக்க முடியுங்களா?"

"தண்ணில ஊறப் போட்டா தன்னால வளையும்."

இப்படி ஒரு வக்கீலை ஜென்மத்தில் பார்த்ததில்லை என்று கும்பிட்டுவிட்டுப் போனார் அவர். வரப்பு என்ன ஆனதென்று தெரியாது.

மற்றவர்கள் படத்தை அளந்து சட்டம் போடுவார்கள். வக்கீல் முதலில் சட்டத்தைச் செய்துவிடுவார். பிறகு அதற்குத் தகுந்தபடி படத்தை வெட்டுவார். கேட்டால், "மரம் வெய்யில்லியும் மழையிலியும் நின்னு வளந்தது. காயிதம் இன்னா பாடுபட்டுது?" என்பார். அதனால் எங்கள் தெரு சாமிகள் எல்லாம் குறைப்பட்ட சாமிகள். எங்கள் வீட்டு லட்சுமிக்குப் பக்கத்தில் ஒரு யானையின் தும்பிக்கை மட்டும் நீண்டிருக்கும், யானை இருக்காது. எதிர்வீட்டு முருகருக்கு மயிலே கிடையாது. அந்த வீட்டு அக்கா அழுதபோது, "ஏம்மா, சாமி ஊட்டுக்குள்ள வந்தா வாகனத்த வெளியதான நிறுத்தும்?" என்று கேட்டார். அந்த அக்கா மூக்கைச் சிந்திவிட்டுப் படத்தை வாங்கிக்கொண்டார்.

மரம் எல்லாம் உடைந்த வண்டிகளின் மரம். நுகத்தடி, ஏர்க்கால், பார்ச்சட்டம். டீக்கடைக்காரர் தம் அப்பா படத்துக்கு அவரிடம் சட்டம் போட்டு மாட்டினார். மறுநாள் காலையில் அப்பா சுவரோடு கீழே இருந்தார். ஊரில் சுவருக்காகப் படம் வாங்குவார்கள். டீக்கடைக்காரர் படத்துக்காகச் சுவர் கட்டினார்.

அந்த நாளில்தான் பஜார் கண்ணாடிக் கடையில் ரெடிமேட் பிரேம் வந்து இறங்கியது. தங்கக் கலர், ஓரமெல்லாம் பூவேலை, கையில் எடுத்தால் கனமே தெரியாது. ஊரே போய்ப் பார்த்தது. நானும் போனேன். வக்கீல் மட்டும் எதிர்ப்பக்கத்தில் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அந்தக் கடையைத் தாண்டுவார். "அது பிரேம் இல்ல, அப்பளம். ஈ உக்காந்தா கோணிக்கும். அத வாங்கி மாட்டறவன் பொண்டாட்டியக்கூட வாடகைக்குத்தான் எடுப்பான்" என்று தெரு முனையில் நின்று சொல்வார்.

இந்த நிலைமையில்தான் எனக்கு வரன் வந்தது. வல்லத்துப் பையன், பம்பு செட்டு ரிப்பேர் பார்க்கிறவர். என் நைனா மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை எடை போடுகிற ஆள். மண்டி மோட்டாரைப் பார்க்க வந்த அந்தப் பையனை, நைனாவுக்குச் சோறு கொண்டுபோனபோது நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். கைமுட்டி வரைக்கும் கிரீசோடு நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பிடித்துவிட்டது. இதை ஒரு பெண் வாய்விட்டுச் சொல்லக்கூடாத காலம். நான் சொன்னேன். "இவரு வந்தா காப்பித் தட்டு தூக்கறேன். வேற எவன் வந்தாலும் நீயே தூக்கிக்கோ" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

திண்டிவனம் ஸ்டூடியோவில் எடுத்த என் போட்டோ ஒன்று வீட்டில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றதும் வக்கீல் வந்து அதை எடுத்துப் போனார். என்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர் அல்லவா, இருக்கிற மரத்தில் ஒசத்தியான மரத்தை எடுத்தார். என் நிறம் எடுப்பாகத் தெரியட்டும் என்று சட்டத்துக்குக் கன்னங்கரேலென்று பாலிஷ் போட்டார். கீழே விளக்கு வைக்க ஒரு பலகை அடித்தார். நல்ல காரியம் என்று அதில் அகல் ஏற்றினார். அம்மா தொடுத்து வைத்திருந்த மல்லிகைச் சரத்தைச் சுற்றிலும் மாலையாகப் போட்டுவிட்டு, தள்ளி நின்று பார்த்தார். "மகாராணி" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா மகனோடு உள்ளே வந்து உட்கார்ந்து, நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். அப்புறம் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுப்படியில் எனக்கு எல்லாம் கேட்டது.

"எப்ப ஆச்சுது?"

போட்டோ எடுத்ததைக் கேட்கிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். "மாசியிலதான் அக்கா. திண்டிவனம் இட்டுகினு போனோம்."

"அங்கியே முடிஞ்சிட்டுதா?"

"அஞ்சு நிமிசம்கூட ஆவல. நாந்தான் மஞ்ச தேச்சிக் குளிப்பாட்டி, புதுப் பொடவ கட்டி, பூ வெச்சி அனுப்பனேன்."

"பெத்தவ கையால இதெல்லாம் செய்யணும்னு எழுதியிருக்குது பாரு." அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "ரொம்ப கஷ்டப்பட்டுதா?"

"மொதல்ல கண்ண மூடிட்டுது. அப்பறம் ஒருத்தர் வந்து மோவாய நிமித்தி வெச்சாரு. நல்லா அமைஞ்சிட்டுது அக்கா."

அந்த நேரத்தில்தான் நான் காப்பித் தட்டோடு உள்ளே போனேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். கைக்குப் போன டம்ளர் தரையில் உருண்டது.

"இது அதோட தங்கச்சியா?"

"இன்னா அக்கா, அதுதான் இது" என்றாள் அம்மா, சிரித்துக்கொண்டே.

அந்த அம்மாள் எழுந்துவிட்டார். "எழுந்திரிடா" என்றார் மகனிடம். "குத்துக்கல்லாட்டம் இருக்கிற பொண்ணுக்கு மால போட்டு வெளக்கு ஏத்தி வெச்சிருக்காங்க. இந்த ஊட்ல எனக்கு சம்பந்தம் வேணாம். பஸ்ஸு வர்ற நேரம்."

தட்டை நான் இன்னும் கீழே வைக்கவில்லை. நைனா பதறி எழுந்தார். மாப்பிள்ளை மட்டும் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு அவர் அம்மாவைப் பார்த்தார். "ம்மா, பிரேம்தான தப்பு? பொண்ணு இன்னா பண்ணுது? மாத்திட்டா ஆச்சு."

அந்த அம்மாள் வாசலில் நின்று யோசித்தார். "அப்ப பஸ்ஸு வர்றதுக்குள்ள கடைப் பிரேமா வாங்கி, அந்தப் படத்த அதுல போட்டு என் கண்ணுல காட்டுங்க. தங்கக் கலருல, லட்சணமா. அப்பத்தான் தாம்பூலம் மாத்துவேன். பாடை கட்டற மூங்கிலாட்டம் அது இன்னா கட்ட."

கதவோரத்தில் வக்கீல் நின்றிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. நைனா சட்டையை எடுத்து மாட்டுவதற்குள், "நீ இரு, அவங்கள பாத்துக்கோ. நா போறேன்" என்றார்.

"வக்கீலு மாமா, நீங்க வேணாம்" என்றேன்.

"நீ காப்பிய கீழ ஊத்தாத புடி."

குடையை எடுக்காமல் போனார். நடு பஜாரில், ஊர் பார்க்க, அந்தக் கடைப் படி ஏறினார். கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டாராம், சண்டைக்கு வருகிறார் என்று. திரும்பி வந்தபோது திருடின கோழியை மறைத்துக்கொண்டு வருகிறவர் மாதிரி, பிரேமைத் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கியிருந்தார்.

அவர் வெட்டிய போட்டோ கடைப் பிரேமுக்குச் சின்னதாக இருந்தது. ஜிகினாக் காகிதத்தை நாலு ஓரத்திலும் ஒட்டி அளவுக்குக் கொண்டுவந்தார். காகிதத்துக்காக அவர் பாடுபட்டு அன்றுதான் பார்த்தேன். மாட்டிவிட்டுத் தள்ளி நின்றார்.

"இது பிரேம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, உட்கார்ந்துகொண்டே. "எப்பிடி ஜொலிக்குது. இன்னாங்க, நா சொல்றது?"

கறுப்புச் சட்டம் போட்டவரே அவர்தான் என்று தெரியாமல் வக்கீலையே கேட்டுவிட்டார்.

வக்கீல் என்னைப் பார்த்தார். பிறகு பிரேமைப் பார்த்தார்.

"ஆமாம்மா. அழகா இருக்குது" என்றார்.

தாம்பூலம் மாறியது. பஸ்ஸும் கிடைத்தது. அந்தப் பிரேம் என்னோடு வல்லத்துக்கு வந்து, தங்கக் கலர் எல்லாம் உதிர்ந்து, இப்போதும் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. கடைச் சாமான்தான். ஆனால் பார்க்கிறவர்கள் யார் செய்தது என்று கேட்டால், எங்கள் வக்கீல் செய்தது என்றுதான் சொல்கிறேன்.