கற்சிலையின் நாடி

இந்த வருஷத்திலிருந்து என் முகத்தைக் கல்லாக்கிக்கொள்வது என்று தீர்மானித்தேன். மற்றவர்கள் தொப்பையைக் குறைப்பார்கள், விடியற்காலையில் எழுந்து ஓடுவார்கள். எனக்கு அதெல்லாம் வேண்டாம். என் முகத்தைப் பார்த்து எவரும் எதையும் தெரிந்துகொள்ளக் கூடாது. என் சுயமுன்னேற்றம் அவ்வளவுதான்.

காரணம் இருக்கிறது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினேழு வருஷம் விற்பனை மேசையில் நின்றவன். வருகிறவர் ஒரு பிரேமை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் தன்னைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். எப்படி இருக்கிறது என்று கேட்பார். உங்களுக்கென்றே செய்தது போல் இருக்கிறது என்று என் வாய் சொல்லும். அதற்குள் என் முகம் அவரிடம் துக்கம் விசாரிக்கத் தொடங்கியிருக்கும். வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று பிரேமைக் கழற்றி வைத்துவிட்டுப் போவார். போனவர் வரமாட்டார்.

முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒரு திங்கட்கிழமை என்னைத் தனியே கூப்பிட்டார்.

"உங்க வாய் ஒண்ணு சொல்லுது, மூஞ்சி ஒண்ணு சொல்லுது. ஜனங்க மூஞ்சியத்தான் நம்புறாங்க" என்றார்.

அன்றிலிருந்து எனக்குக் கடையின் பின்னறையில் வேலை. ஜன்னல் கிடையாது. லென்சின் ஓரத்தைத் தேய்க்கும் இயந்திரம் ஒன்று, முக்காலி ஒன்று, நான் ஒருவன். முன்னால் என் இடத்தில், நான் தொழில் சொல்லிக்கொடுத்த பெண் நிற்கிறாள். யார் எதை மாட்டினாலும் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கிறது. கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே லென்சு தேய்ப்பேன். மத்தியானச் சாப்பாட்டையும் அதே முக்காலியில் முடித்துக்கொள்வேன்.

இதை மனைவியிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் ஒன்றும் கடித்துத் தின்றுவிட மாட்டாள். ஆனால் அவள் வீட்டிலேயே துணி தைக்கிறவள். அளவு கொடுக்க வரும் பெண்களிடம், "அவரு கடையில முன்னாடி நிக்கிறவரு. அவர் இல்லாம அங்க ஒண்ணும் நடக்காது" என்று சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். என்னைப் பற்றி இந்த உலகத்தில் யாரும் சொல்லும் ஒரே நல்ல வார்த்தை அது. அதை அவள் வாயிலிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் தினமும் சாயங்காலம் இல்லாத வாடிக்கையாளர்களை உண்டாக்கினேன்.

"இன்னிக்கு யாரு வந்தா?"

"ஒரு ரிட்டையர்டு வாத்தியார்."

"வாங்கினாரா?"

"ரெண்டு கண்ணாடி."

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு படிக்க. இன்னொண்ணு, மொதல் கண்ணாடியத் தேட."

அவள் தையலை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பாள். கை கழுவ வேண்டும் என்று எழுந்துவிடுவேன். அந்த நாட்களில் என் கை மிகவும் சுத்தமாக இருந்தது.

ஆக, முகத்தைக் கல்லாக்கியே தீரவேண்டும். சுயமுன்னேற்றப் பேச்சாளர் ஒருவர் காணொளியில் வழி சொன்னார். போக்கர் ஆடுகிறவர்களின் முகத்தைப் பாருங்கள், கையில் ராஜா இருந்தாலும் ரெண்டு இருந்தாலும் ஒரே முகம் என்றார். அன்றே இணையத்தில் போக்கர் ஆட்டத்தில் சேர்ந்தேன். காசு கிடையாது, வெறும் புள்ளிகள்தான். பெயர் கேட்டது. 'கற்சிலை' என்று கொடுத்தேன். அப்புறம் அனுமதியா, சம்மதமா, அழைக்கட்டுமா என்று வரிசையாகக் கேட்டது. எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று அழுத்தினேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாகிறது, வேறு பதில் எனக்குப் பழக்கமில்லை.

இணையத்தில் ஆடினால் என் முகத்தை எவரும் பார்க்கவே முடியாது என்பது எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் ஆட்டம் பிடித்துப்போய்விட்டது.

கருவிகள் இல்லாமல் முன்னேற முடியுமா? முதுகில் மாட்டும் பட்டை ஒன்று வாங்கினேன். கூன் போட்டால் அதிரும். நான் வாழ்க்கை முழுக்கக் குனிந்தே பழகியவன், அது நாள் முழுக்க அதிர்ந்து மூன்றாம் நாள் உயிரை விட்டது. தண்ணீர் குடிக்காவிட்டால் கண் சிமிட்டும் பாட்டில் வாங்கினேன். அது சிமிட்டிய சிமிட்டலில் பக்கத்து வீட்டுக்காரர் என்னைத் தப்பாக நினைத்துவிட்டார். வெளியே இருந்து வரும் சத்தத்தை அடைத்துவிடும் என்று அட்டையில் போட்டிருந்த காதுக்கருவியை வாங்கினேன். அதை மாட்டிக்கொண்டால் பக்கத்து அறைத் தையல் மெஷின் சத்தம் இன்னும் துல்லியமாகக் கேட்டது.

உருப்படியானது கைக்கடிகாரம் ஒன்றுதான். நடை, தூக்கம், நாடித்துடிப்பு எல்லாம் சொல்லும். ஆனால் அதை ஆரம்பிக்க ஒரு போன் வேண்டும். என் பழைய போனை அது சீந்தவே இல்லை.

"உன் போனக் கொஞ்சம் குடு. அஞ்சு நிமிஷம்."

"எதுக்குங்க?"

"கடிகாரத்துக்கு உயிர் குடுக்கணும்."

கொடுத்தாள். அதுவும் பத்துக் கேள்வி கேட்டது. எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்று சாயங்காலம்தான் அந்த ரிட்டையர்டு வாத்தியாரைக் கடைக்கு வரவழைத்தேன்.

தினமும் சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு வரை சின்ன அறையில் ஆட்டம். கேட்டால் தியானம்.

"காதுல அத மாட்டிக்கிட்டா தியானம்?"

"உள்ள இருக்கிற சத்தம் கேக்கணுமில்ல?"

"கேளுங்க, கேளுங்க" என்று சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள். நம்பிவிட்டாள் என்று எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் பாவமாகவும் இருந்தது.

இரண்டே பேர் ஆடும் மேசை ஒன்றில் எனக்கு 'ஊசிமுனை' என்று ஒருவர் வாய்த்தார். ஊசி போடும் டாக்டராக இருக்க வேண்டும், ஓய்வுபெற்றவர் என்று முடிவு கட்டினேன். அவ்வளவு நிதானம். போக்கரில் முக்கியமே பாவ்லாதான். கையில் குப்பைச் சீட்டை வைத்துக்கொண்டு, ஏதோ பெரிதாக இருப்பதுபோல் புள்ளிகளை ஏற்றினால் எதிராளி பயந்து சீட்டைப் போட்டுவிடுவார். நான் எப்போது பாவ்லா காட்டினாலும் ஊசிமுனை சரியாகப் பிடித்தார். எனக்கு நிஜமாகவே நல்ல சீட்டு வந்தால் மரியாதையாக விலகிக்கொண்டார். அவர் யோசிக்கும்போதெல்லாம் பக்கத்து அறையில் தையல் மெஷினும் நின்றிருக்கும். அந்த அமைதி எனக்கு மிகவும் தோதாக இருந்தது.

ஒரு வாரம் மூக்குடைபட்ட பிறகு அவருக்கே எழுதிக் கேட்டேன், எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று. 'உங்களுக்கு மனக்கட்டுப்பாடு போதாது. வெங்காயம் நறுக்குங்கள். தினமும் நாலு. கண் கலங்கக் கூடாது' என்று பதில் வந்தது.

நறுக்கினேன். அடுத்த வாரம், பாத்திரங்களை ஒன்றோடொன்று இடிக்காமல் கழுவச் சொன்னார், கை நிதானப்பட்டால் முகம் நிதானப்படுமாம். கழுவினேன். அதற்கடுத்த வாரம் தும்மாமல் மின்விசிறி துடைக்கும் பயிற்சி.

"என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று மனைவி கேட்டாள். நான் நாற்காலிமேல் நின்றிருந்தேன்.

"இது தியானத்தோட அடுத்த கட்டம்."

"அப்படியா? பாதியில நிறுத்திடாதீங்க. அந்த ரெக்கை இன்னும் கறுப்பாத்தான் இருக்கு."

எனக்குச் சிநேகிதர்கள் கிடையாது. பின்னறையில் இயந்திரத்தோடு பேசினால் அது கீச்சென்று பதில் சொல்லும், அவ்வளவுதான். அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆட்டத்துக்கு நடுவில், முகம் தெரியாத அந்த மனிதரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முதலாளி சொன்னது, முக்காலி, அந்தப் பெண்ணின் சிரிப்பு, வராத வாத்தியார் எல்லாம்.

பக்கத்து அறையில் மெஷின் வெகுநேரம் ஓடவே இல்லை. நூல் அறுந்துபோயிருக்கும் என்று நினைத்தேன்.

'வீட்டில் சொல்லிவிட்டீர்களா?' என்று வந்தது.

இல்லை, சொல்லவும் மாட்டேன் என்று எழுதினேன். அவள் முகம் வாடுவதைப் பார்க்க என்னால் முடியாது என்றும் எழுதினேன். அன்றைக்கு ஊசிமுனை ஆட்டத்தை முடிக்காமலே போய்விட்டார். அடுத்த மூன்று நாளும் ஒரே வரிதான் வந்தது: 'சொல்லிவிடுங்கள்.' நான் பேச்சை மாற்றினேன். நாலாம் நாள் சவால் வந்தது. ஒரே ஆட்டம். நான் ஜெயித்தால் இனி அந்தப் பேச்சே எடுக்க மாட்டாராம். தோற்றால், போனைக் கீழே வைத்துவிட்டுப் போய் மனைவியிடம் சொல்லிவிட வேண்டும்.

ஒப்புக்கொண்டேன். ஜெயித்துவிட்டால் காலம் முழுக்க வாத்தியார்களை வரவழைத்துக்கொண்டே இருக்கலாம் என்று ஓர் அற்ப ஆசை.

எனக்கு விழுந்தது ஒரு ஏழு, ஒரு ரெண்டு. மேசையில் விரித்த சீட்டுகளோடும் அவை ஒட்டவில்லை. இனி பாவ்லாதான் கதி. இருந்த புள்ளிகளை மொத்தமாக நடுவில் தள்ளினேன். அலமாரிக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். கல்லேதான். எனக்கே அடையாளம் தெரியவில்லை. கைக்கடிகாரம் மட்டும் அதிர்ந்து, 'ஆழ்ந்து மூச்சு விடுங்கள்' என்று அறிவுரை சொன்னது. சட்டைக்கையை இழுத்து அதன் வாயை மூடினேன்.

மெஷின் சத்தம் இல்லை. வீட்டில் குழாய் சொட்டுவது கேட்டது.

ஊசிமுனையும் மொத்தப் புள்ளிகளையும் தள்ளினார். சீட்டைத் திருப்பினார். வெறும் ஒரு ஜோடி நாலு. அதை வைத்துக்கொண்டு எவனும் இப்படித் துணிய மாட்டான். எப்படி என்று கேட்டேன். 'உங்களிடம் ஒன்றும் இல்லை என்று தெரியும். போய்ச் சொல்லுங்கள்' என்றார்.

போகாமலே இருந்திருக்கலாம். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? ஆனால் எனக்கு அலுத்துவிட்டது. ஆறு வாரமாக இல்லாத மனிதர்களுக்குக் கண்ணாடி விற்று விற்று, பின்னறையில் உட்கார்ந்திருப்பதைவிட அதுதான் அதிகமாக வலித்தது. எழுந்து அடுத்த அறைக்குப் போனேன். அவள் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஊசிக்கடியில் ஒரு சட்டைக்கை. நூல் டப்பாவில் சாய்த்து வைத்த போன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"கடையில நான் இப்ப முன்னாடி நிக்கிறதில்ல. ஆறு வாரமாச்சு. பின்னாடி உக்காந்து லென்சு தேய்க்கிறேன். வாத்தியார் யாரும் வரல."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "தெரியும்."

"யாரு சொன்னா?"

"நீங்கதான். செவ்வாக்கிழம, ஏழே காலுக்கு."

போனைத் திருப்பிக் காட்டினாள். அதே மேசை, அதே ஒரு ஜோடி நாலு. நான் திருதிருவென்று விழித்தேன்.

"நீயா? நீ எப்படி அங்க வந்த?"

"நீங்கதானே அழைப்பு அனுப்பினீங்க, சேந்த அன்னிக்கே. உங்க போன்ல இருக்கிற எல்லாருக்கும் போயிருக்கு. பல் டாக்டர் எங்கிட்ட கேட்டாரு, சாருக்கு என்ன ஆச்சுன்னு."

"நான் பாவ்லா காட்டுறது எப்படித் தெரிஞ்சுது?"

அவள் திரையில் எதையோ தள்ளினாள். ஒரு சிவப்பு இதயம் துடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் எண்.

"உங்க கடிகாரத்துக்கு உயிர் குடுத்தது என் போன்தானே? நாடியெல்லாம் இங்கதான் வருது. சும்மா இருந்தா எழுபத்தஞ்சு. பொய் சொன்னா நூறத் தாண்டும். வாத்தியார் ரெண்டு கண்ணாடி வாங்கின அன்னிக்கு நூத்தி முப்பது. பயந்தே போயிட்டேன்."

"அப்பவே தெரியுமா? ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

நான் தரையைப் பார்த்தேன். துணி வெட்டிய துண்டுகள் கிடந்தன. அளவு கொடுக்க வருகிறவர்களிடம் இனி என்ன சொல்வாய் என்று மெதுவாகக் கேட்டேன்.

"இப்பவே மாத்திட்டேன். கடையில எந்தக் கண்ணாடி போனாலும் அவர் கை பட்டுத்தான் போகணும்னு சொல்றேன். பொய்யா?"

பொய்யில்லை. வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லாமலே எனக்குக் கண் கலங்கியது. ஆறு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் எழுந்து போய்விட்டது. ஆனால் ஆண்பிள்ளை ஒருவன் இவ்வளவையும் தோற்றுவிட்டு வெறுங்கையோடு திரும்புவதா? நிமிர்ந்து நின்றேன். முகத்தைக் கல்லாக்கினேன்.

"அது நீதான்னு எனக்கு மொத நாளே தெரியும். போனாப் போகுதுன்னு விட்டுக்குடுத்தேன்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. போனைப் பார்த்தாள்.

"நூத்தி இருபத்தாறு" என்றாள்.