முப்பத்திரண்டு வரதன்களும் ஒரு தறியும்

அரசுப் பணியில் முப்பத்தாறு ஆண்டுகள் இருந்தவன் நான். விதியை மீறியதாக ஒரு மெமோகூட வாங்கியதில்லை. என் வாழ்க்கையின் மிகப் பெரிய நாசமே, முறையாகத் தீர்மானம் போட்டு, கையெழுத்து வாங்கி, நகல் எடுத்து வைத்த பிறகுதான் நடந்தது. (கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. யாரும் கேட்பதில்லை என்பதுதான் வருத்தம்.)

எண்பதுகளின் நடுவில் பகலில் நான் ஆரணியில் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். மாலையில், இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் வரதன் ரசிகர் மன்றத்தின் செயலாளர். வரதன் ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகியிருந்தது. அந்தச் சுற்றறிக்கை எங்களுக்கு வந்து சேராததுபோல் நடந்துகொண்டோம். அவர் வீசிய கடைசி ஓவரை டீக்கடை பெஞ்சில் தினமும் மறுபடி வீசினோம். எலுமிச்சம்பழத்தை விரலிடுக்கில் வைத்து, "இப்டிதாம்பா புடிப்பாரு" என்று காட்டாத ஆள் கிடையாது.

அவர் ஓய்வு பெற்ற வருடம் ஒரு சூயிங்கம் கம்பெனி, பாக்கெட்டுக்கு ஒன்று வீதம், அவருடைய முப்பத்திரண்டு படங்களை வெளியிட்டது. ஊரே மென்றது. எல்லோரிடமும் முப்பத்தோரு படம் சேர்ந்துவிட்டது. பதினேழாம் எண் மட்டும், அதாவது வரதன் ஒற்றைக் கையால் பாய்ந்து பந்தைப் பிடிக்கும் படம், ஆரணியில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

தேசூரில் ஒரு பெண்ணிடம் இருந்தது, மற்ற முப்பத்தொன்றோடும் ஓர் ஆல்பத்தில் கசங்காமல். அந்தப் பெண்ணைத்தான் எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். (நிச்சயம் முதலில் நடந்தது, பதினேழாம் எண் இருப்பது பிறகுதான் தெரிந்தது. இந்த வரிசையை என் வீட்டில் இன்றுவரை யாரும் நம்புவதில்லை.)

அந்த நேரத்தில், மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வரதனே ஆரணிக்கு வருகிறார் என்ற செய்தி வந்தது. அதுவும் எங்கள் மன்றத் தலைவர் தனபாலின் தறிக்கூடத்துக்கு! அவசரக் கூட்டம் கூடியது. முப்பத்திரண்டு படங்களையும் அவர் முன் காட்டி, ஒவ்வொன்றிலும் கையெழுத்து வாங்க வேண்டும். எனக்கு ஒரே கவலை, கைகள். நாற்பது ரசிகர்கள் ஆளுக்கொரு முறை தொட்டுப் பார்த்தால் படம் என்ன ஆகும்? எனவே கைபடாமல் காட்டும் ஒரு முறையை முன்மொழிந்தேன்.

பட்டுத்தறிக்கு மேலே ஜக்கார்டு என்றொரு பெட்டி உட்கார்ந்திருக்கும். துளை போட்ட நீள அட்டைகளைச் சங்கிலிபோல் கோத்து அதில் மாட்டியிருப்பார்கள். கீழே ஒரு மிதி மிதித்தால் ஓர் அட்டை மேலே வந்து பெட்டியில் அழுந்தி, மறுபக்கம் இறங்கும். அந்தத் துளைகளின்படி சேலையில் பூ விழும். பழைய டிசைன் அட்டைகளில் படங்களைச் செருகி மாட்டினால், மிதிக்க மிதிக்க ஒவ்வொரு வரதனாக மேலே வருவார். பெட்டிக்குள் அழுந்தும்போது என்ன நடக்கிறது என்று நான் கேட்டதில்லை. அதிகாரி அறைக்குள் போகும் கோப்புக்கு என்ன நடக்கிறது என்றும்தான் கேட்டதில்லை.

"இன்னாபா செயலாளரு, உள்ள ஊசி கீதுபா" என்றார் தனபால். "வரிசையா ஊசி. படத்த மாட்டி மிதிச்சா சல்லடதான்."

"அப்போ வேற வழி?"

"மூலைல பழைய தறி ஒண்ணு கீது. ஊசிங்கள கயட்டிப் போட்டாச்சி. அதுல மாட்டிக்கோ."

'தறியில் காட்சிப்படுத்துவது' என்று தீர்மானம் நிறைவேறியது. எழுதியவன் நான்.

தேசூருக்குப் போய், எனக்கு நிச்சயமான கலைவாணியிடம் ஆல்பத்தைக் கேட்டேன். சூயிங்கம் மென்றே மூன்று சொத்தைப் பற்களை அடைத்துக்கொண்டு அவள் சேர்த்த ஆல்பம். கூடத்தில் அவள் அண்ணன் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எங்களுக்குத் தனிமை கொடுத்தார்.

"பசை?"

"கிடையாது."

"குண்டூசி?"

"கிடையவே கிடையாது. நாலு மூலையையும் செருகுறது மட்டும்தான்."

"ஒரு மூலை மடங்கியிருந்தாலும், திங்கக்கிழம கல்யாணப் பத்திரிக அடிக்கக் குடுக்க வேணாம்னு அப்பாகிட்ட சொல்லிடுவேங்க. வெளையாட்டுக்குச் சொல்லல."

எழுத்துப்பூர்வமாகத் தரட்டுமா என்று கேட்டேன். அண்ணன் செய்தித்தாளுக்குப் பின்னால் இருமினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வரதனை எதிர்கொண்டு அழைக்கத் தனபால் மெயின் ரோட்டுக்குப் போய்விட்டார். நான் ஏற்பாடுகளைப் பார்வையிட்டேன். பழைய தறி இருந்த மூலையில் ஒட்டடை, உடைந்த ஸ்டூல், போன வருடக் காலண்டர். சிறப்பு விருந்தினரை மூலைக்கு அழைப்பது எந்த நெறிமுறையில் இருக்கிறது? வாசலருகே முதல் தறி பளிச்சென்று இருந்தது. அதில் பாதி நெய்து நின்றது கலைவாணியின் முகூர்த்தச் சேலையே. இதைவிடப் பொருத்தம் உண்டா?

"தலைவரு மூலைத் தறின்னு சொன்னாரேபா?" என்றார் ஓர் உறுப்பினர்.

"தீர்மானத்துல மூலைன்னு எங்க இருக்கு? படிச்சுப் பாருங்க" என்றேன்.

படித்துப் பார்த்தார். இல்லை. ஊசி என்ற சொல்லும் இல்லை; அதனால் அது என் நினைவிலும் இல்லை. சேலையின் அட்டைகளைக் கழற்றிவிட்டு எங்கள் சங்கிலியை முதல் தறியில் மாட்டினோம்.

வரதன் வந்தார். படங்களைவிடக் கொஞ்சம் பருமன், ஆனால் அதே சிரிப்பு. கலைவாணியும் அண்ணனும் முன்வரிசையில் இருந்தார்கள். சேலை எதுவரை வந்திருக்கிறது என்று பார்ப்பதாகப் பேர். உண்மையில் ஆல்பத்தைக் கண்காணிக்க வந்தவள். விருந்தினர் மேலேயே கண்ணாக இருந்த தனபால், தறிப்பக்கம் பார்க்காமலே சோடா எடுத்து வர வீட்டுக்குள் போனார். நிகழ்ச்சி நிரலின்படி நான் விருந்தினரைத் தறிக்குழியில் உட்கார வைத்து, மிதியைக் காட்டினேன்.

"இந்தக் கயித்தையும் இழுக்கணுமா?"

"விருப்பப்பட்டா இழுக்கலாம் சார்."

விருப்பப்பட்டார். மிதித்தார், கயிற்றைச் சுண்டினார், ஊடுநூலைச் சுமக்கும் நாடாக்கட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பறந்தது. அந்த மணிக்கட்டுச் சுண்டலைப் பார்த்ததும் கூட்டம் எழுந்துவிட்டது. சடக்! முதல் எண். கைதட்டல். சடக்! இரண்டு. "மழ நின்னு ஆடுன மேட்ச்சு டோய்!" சடக்! சடக்! நான் பதிவேட்டில் ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே டிக் போட்டுக்கொண்டிருந்தேன். பதினேழுக்கு விசில் பறந்தது. எங்கள் பக்கம் முழுசாக ஏறிய வரதன், மறுபக்கம் எப்படி இறங்குகிறார் என்று பார்க்க யாரையும் நியமிக்கவில்லை.

முப்பத்திரண்டாவது டிக்கின்போது தனபால் சோடாவோடு வந்தார். நேரே பார்த்தார். தட்டு சாய்ந்தது.

"ஐயோ சார், கால எடுங்க! டேய், ஊசித் தறிடா இது! எவன்டா மாத்தனது?"

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தேன்.

சங்கிலியை இறக்கினோம். பின்னாலிருந்த பழைய அட்டையில் எங்கெல்லாம் துளையோ, அங்கெல்லாம் ஊசி படத்துக்குள் பாய்ந்திருந்தது. ஐந்தாம் எண்ணில் வரதனுக்கு அம்மை போட்டிருந்தது. இருபத்தொன்றில் மூக்கைக் காணோம். பதினேழில் பந்து இருந்த இடத்தில் சரியாக ஓர் ஓட்டை; அந்த ஓட்டையைப் பிடிக்க அவர் உயிரைக் கொடுத்துப் பாய்ந்துகொண்டிருந்தார். (மூலைகள் நான்கும் மடங்கவே இல்லை. அப்போது இதைச் சுட்டிக்காட்டியிருக்கக் கூடாது. சுட்டிக்காட்டினேன்.)

வரதன் ஒரு படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அத்தனை வருஷம் எத்தனையோ பேர் என்னை அடிச்சிருக்காங்க. இப்படி ஒருத்தரும் துளைச்சதில்ல" என்றார். பிறகு குரல் இறங்கியது. "இது யாரோட சேகரிப்பு?"

கலைவாணி எழுந்தாள். அவள் முகத்தைப் பார்த்து அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "மன்னிச்சுக்கோம்மா. மிதிச்சது நான்தான்."

"நீங்க மிதிக்கச் சொன்ன இடத்துல மிதிச்சீங்க சார்" என்றாள். அடுத்த பாதியை என்னைப் பார்த்துச் சொல்லாமல் விட்டாள்.

அவர் உட்கார்ந்து, ஓட்டைகளுக்கு இடையில் இடம் தேடி, முப்பத்திரண்டிலும் கையெழுத்துப் போட்டார். பேனா நாலு தரம் ஓட்டையில் மாட்டியது. அதுவரை தனபால் தறியில் குனிந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

"சேலையும் போச்சும்மா. அர விரல் அகலத்துக்கு என்னமோ நெய்ஞ்சி வச்சிகிறாரு. பூ வர எடத்துல பூச்சி வந்துகினு கீது. கவலப்படாத, நாளைக்கே பிரிச்சிட்டு சரியா நெய்ஞ்சித் தரேன்."

கலைவாணி வந்து குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். திங்கட்கிழமை பத்திரிகைக்குப் போக வேண்டிய அச்சகத்தின் முகவரி எனக்கு மறந்துபோனது.

"பிரிக்காதீங்கண்ணே."

"டேமேஜும்மா!"

"வரதன் நெய்ஞ்சது. இந்தப் படமெல்லாம் கம்பெனி ஆயிரக்கணக்குல அடிச்சிருப்பான். இது யார்கிட்ட கீது?" என்றவள், என் பக்கம் திரும்பாமலே சேர்த்துச் சொன்னாள்: "மீதிய சீக்கிரம் முடிச்சிக் குடுங்க. முகூர்த்தத்துக்கு நாள் கம்மியா கீது."

என் கல்யாணம் நிலைத்துவிட்டது என்று புரிய எனக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. வாய்மொழி உத்தரவுகளில் எனக்குப் பழக்கம் இல்லை.

அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் அவள் மணையில் உட்கார்ந்தாள். வந்தவர்கள் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அந்த அரை விரலைத் தேடினார்கள். மன்றத்துப் பழைய ஆட்கள் வீட்டுக்கு வந்தால் இன்றும் பீரோ திறக்கிறது. எலுமிச்சம்பழமும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

எங்கள் வீட்டில் நான் "முறைப்படி பார்த்தால்" என்று தொடங்கிய எந்த வாக்கியமும் முடிந்ததில்லை. மனைவி காலைத் தூக்கித் தரையில் வைப்பாள். மகளும் மருமகனும் ஒரே குரலில் "சடக்" என்பார்கள். பேரனுக்கு இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை. ஆனால் நான் பேனா மூடியைத் திறந்தால் போதும், அவன் கால் தானாகத் தூக்கிக்கொள்கிறது.