தங்கலட்சுமி மெஸ்ஸும் நல்ல தண்ணியும்

"எல்லாம் சரி. தண்ணி ரிப்போர்ட்டு எங்க?" என்று உணவுப் பாதுகாப்பு அலுவலர் கேட்டதும் பாண்டீஸ்வரன் கையிலிருந்த காகிதக் கட்டை மறுபடியும் முதலிலிருந்து புரட்டினான்.

மற்றதெல்லாம் இருந்தது. பஞ்சாயத்து லைசென்ஸ் வாங்கியாயிற்று. தீயணைப்புக்காரர்கள் சொன்னபடி பின்சுவரை உடைத்து இன்னொரு வாசல் வைத்தாயிற்று. சமைக்கப்போகிற மனைவி தங்கலட்சுமி அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய் ஊசி போட்டுக்கொண்டு, தொத்து வியாதி ஏதுமில்லை என்று டாக்டரிடம் எழுதியும் வாங்கிவிட்டாள். பாவம், வெள்ளாமை காய்ந்து, மிஞ்சின ஆடுகளையும் விற்று, திருச்சுழி ரோட்டில் அவர்கள் வைத்த மெஸ் அது. இதுவும் படுத்தால் குடும்பத்தோடு திருப்பூருக்குத்தான் போகவேண்டும்.

"கடைக்குள்ள இருக்குற போர்வெல் தண்ணிய லேபுல குடுத்து, குடிக்கலாம்னு எழுதி வாங்கிட்டு வாங்க. அப்பத்தான் கையெழுத்து."

அந்தப் பக்கத்தில் எந்தப் போரில் குடிக்கிற தண்ணீர் வந்திருக்கிறது? எல்லாம் உப்பு. போர் போட்ட அன்று பீறிட்ட கலங்கல் தண்ணீரை ஒரு வாய் வைத்துத் துப்பியவன்தான் பாண்டீஸ்வரன். பிறகு சிமென்டு குழைக்கத் தவிர அதை எதற்கும் தொடவில்லை.

மனைவியின் தம்பி பால்பாண்டியைக் கூப்பிட்டான். மீசை பெரிது, வேலை என்றால் மட்டும் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

"மாப்ள, மல்லாங்கிணத்துல நம்ம சொந்தக்காரக தோட்டத்துக் கெணறு இருக்குல்ல, தேனாட்டம் தண்ணி. அதுல ஒரு பாட்டிலு மோந்து நேரா லேபுல குடுத்துட்டு வந்துரு. யாருகிட்டயும் மூச்சு விடாத."

"அம்புட்டுத் தூரமா மச்சான்? வெயிலு மண்டையப் பொளக்குது."

"வாரப்ப புரோட்டா தின்னுட்டு வா. கெளம்பு."

ரிப்போர்ட் வந்தது. குடிப்பதற்கு மிகவும் உகந்த நீர். லைசென்சும் வந்தது. கண்ணாடி போட்டு மாட்டி, தங்கலட்சுமி அதற்குக் குங்குமம் வைத்தாள்.

குங்குமம் காய்வதற்குள் பக்கத்து வீட்டுச் சந்தனம்மாள் இடுப்பில் குடத்தோடு வந்து நின்றாள்.

"ஏப்பா பாண்டி, ஒன் போருல நல்ல தண்ணியாமே? சொல்லவே இல்ல?"

"யாரு சொன்னது அத்தை?"

"லேபுல வேல பாக்குறது நம்ம தெரு ஜோதிகா புருசன்தானப்பா."

எட்டிப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் தெருவே குடங்களோடு நின்றது.

"மோட்டாரு காயிலு போயிருச்சு அத்தை" என்று உளறிவிட்டு, பின்வாசல் வழியே ஓடி ப்யூஸ் கட்டையைப் பிடுங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டான்.

பெண்கள் விடுவார்களா? மறுநாள் மெக்கானிக்கையே கூட்டி வந்துவிட்டார்கள். அவர் பார்த்துவிட்டு, "காயிலு கல்லு மாதிரி இருக்கு. ப்யூஸ் கட்டையத்தான் காணோம்" என்றார்.

"கட்டை இருந்து என்ன செய்ய, தண்ணியே வத்திப்போச்சு!" என்றான் பாண்டீஸ்வரன்.

"நேத்து காயிலுன்ன, இன்னைக்கு வத்திப்போச்சுங்கற. ஒரு கொடம் தண்ணிக்கு இம்புட்டுப் பொய்யா? ஒன் கடையில எவன் கை நனைக்கிறான்னு பாக்குறேன்" என்று சந்தனம்மாள் குடத்தைத் திருப்பி இடுப்பில் வைத்தாள்.

அன்று சாயங்காலமே அலுவலர் போன் செய்தார். "உங்க போருலருந்து தெருக்குழாய்க்கு லைன் போடணும்னு ஊரே மனு குடுத்திருக்கு. நாளைக்கு நானே வந்து, என் கையால தண்ணி பிடிச்சு லேபுக்கு அனுப்பப்போறேன்."

போனை வைத்த பாண்டீஸ்வரன் அடுப்பு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பொய் ரிப்போர்ட்டுன்னு தெரிஞ்சா லைசென்சோட போகுமாங்க? ஒங்களையும்ல பிடிச்சு உள்ள வச்சிருவாக" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள் தங்கலட்சுமி.

"பிடிக்கத் தண்ணி இருந்தாத்தான? போரு இடிஞ்சு தூந்துபோச்சுன்னு சொல்லிருவோம். லாரித் தண்ணி வாங்கிச் சமைக்கிறோம்னு எழுதிக் குடுப்போம்."

விடிந்ததும் தெருப் பெண்கள் நூறுநாள் வேலைக்குப் போனார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக கடை கட்டி மிஞ்சின ஜல்லியை அள்ளி அள்ளிப் போர்க் குழாய்க்குள் கொட்டினார்கள். முதலில் ஆழத்தில் தண்ணீர் 'களுக் களுக்' என்றது. அப்புறம் அந்தச் சத்தமும் அடங்கியது. மேலே சிமென்டைக் குழைத்து வாயை அடைத்தார்கள். பெற்ற பிள்ளையைப் புதைத்தவள் போலத் தங்கலட்சுமி அதைத் தடவிக்கொடுத்தாள். பாண்டீஸ்வரனுக்கு மட்டும் பல நாளைக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது.

"அப்பாடா. இனி எந்த ஆபீசரு வந்தாலும் பயமில்ல."

அப்போதுதான் சாவகாசமாகப் பல்லைக் குத்திக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தான் பால்பாண்டி. ஈரச் சிமென்டைப் பார்த்தான். இருவர் முகத்தையும் பார்த்தான். குச்சி வாயிலிருந்து நழுவி விழுந்தது.

"அடப்பாவி மச்சான், அன்னைக்கு வெயிலுக்குப் பயந்துக்கிட்டு நான் மல்லாங்கிணத்துக்கே போகல, லேபுல குடுத்த தண்ணிய இந்தப் போருலதான பிடிச்சேன்!"